பிரித்துப் போட்ட பழைய வண்டியிலிருந்து எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

முதலில் உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்கிறேன். நண்பர்கள் மூன்று பேர். ஒருவரிடம் மோரிஸ் மைனர் 1000, இன்னொருவரிடம் 1098 சிசி எம்ஜி மிட்ஜெட், உங்களிடம் 1960-களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். மூன்றும் பாதி வேலையில் நிற்கின்றன. பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் யார்டு ஒன்றில் இதே வகை வண்டிகள் சில கிடப்பது தெரிந்து, மூவரும் சேர்ந்து போகப் போகிறீர்கள். எதையெல்லாம் கழற்றிக்கொண்டு வரலாம், பொருந்துமா என்று அங்கேயே எப்படிக் கண்டுபிடிப்பது, பேசாமல் ஒரு முழு வண்டியையே கூட்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஓட்டித் தேய்த்த பாகத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இயந்திரவியல் படித்தவன். பல வருடங்களாகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன்களிலும்தான் அதிகம் கை வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் மூன்று வண்டிகளைப் பற்றியும் ஓரளவு தைரியமாகப் பேச முடியும். சேஸிஸ் எண், பதிவு, பழைய வண்டியை அழித்ததற்கான சான்று போன்ற சட்ட விஷயங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் ஊரில் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்லலாம்: சேஸிஸ் எண் தகட்டை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும் வேலையே வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம்.

பயன்படுத்திய பாகத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அதன் தேய்மானம் கண்ணுக்கும் அளவுகோலுக்கும் தெரியுமா, அல்லது உள்ளே ஒளிந்திருக்குமா? தெரிந்தால் நின்ற இடத்திலேயே முடிவெடுக்கலாம். ஒளிந்திருந்தால், அது உடைந்தால் என்ன ஆகும் என்று அடுத்து யோசிக்க வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுபோகும் என்றால் துணிந்து எடுக்கலாம். பிரேக் பிடிக்காது, சக்கரம் மடங்கும் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஆகவே தொடக்கூடாதவற்றை முதலில் முடித்துவிடுவோம். பிரேக் ஹோஸ், எல்லா வகை ரப்பர் சீல், சீட் பெல்ட் பட்டை, டயர் ஆகியவை வேண்டவே வேண்டாம். டயரின் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி. 2000-க்குப் பிறகு வந்த டயரில் பக்கவாட்டில் இருக்கும் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 1219 என்றால் 2019-ன் 12-வது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், தள்ளிக்கொண்டு போக மட்டுமே உதவும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் இரண்டையும் அப்படியே மாட்டுவதற்காக எடுக்காதீர்கள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைக் குழிகுழியாக அரித்திருக்கும். கிடைக்காத மாடலாக இருந்தால், உள்ளே ஸ்லீவ், அதாவது மெல்லிய உலோகக் குழாய், போட்டு மீட்டெடுக்க வெறும் கூடாக எடுத்து வரலாம். அவ்வளவுதான்.

மைனர்காரருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் மரை போட்டது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, ஒருநாள் பிடி விட்டுப்போய், சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முந்தின உரிமையாளர் கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தாரா என்பது யார்டில் கிடக்கும் வண்டியைப் பார்த்தால் தெரியாது. டிரன்னியனை விட்டுவிடுங்கள். புதிதாகவே கிடைக்கிறது.

இப்போது எடுக்க வேண்டியவை. முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நோக்கித்தான் ஓடுவார்கள். கனமானதுதான் மதிப்பானது என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்குள் போகிற பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் உங்கள் மூன்று வண்டிக்கும் இன்றும் புதிதாகக் கிடைப்பவை. கிடைக்காமல் உயிரை வாங்குவது டைனமோவைப் பிடிக்கும் பிராக்கெட், ஆக்ஸிலரேட்டர் கேபிள் போய் உட்காரும் சின்னக் கிளிப், ஹீட்டர் குழாயின் வளைவு, நடுவில் தோள் வைத்துக் கடைந்த ஒற்றை போல்ட், சீட்டின் அடி ரெயில் ஆகியவைதான். இவற்றை யாரும் திரும்பச் செய்வதில்லை. செய்தாலும் அரைகுறையாக இருக்கும். டைனமோ எடுத்தால் பிராக்கெட்டோடு எடுங்கள், பிராக்கெட்டை அதன் போல்ட்டோடு, போல்ட்டை அதன் வாஷரோடு. அந்த இடத்தை ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

பீட்டிலில் இதற்கு நல்ல உதாரணம் எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகள். தண்ணீர் இல்லாத எஞ்சின், காற்றை வைத்துத்தான் பிழைக்கிறது. விசிறி தள்ளுகிற காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோவதும், சூடான காற்று மறுபடி உள்ளே வராமல் தடுப்பதும் அந்தக் கறுப்புத் தகடுகள்தான். எஞ்சினைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றியவர்கள் சோம்பலில் இரண்டு தகட்டைக் கழற்றி ஓரமாக எறிந்திருப்பார்கள். சிலிண்டருக்கு அடியில் வரும் தகடும், தெர்மோஸ்டாட்டும், அது இழுக்கும் மடலும்தான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உங்கள் வண்டியில் எவை குறைகின்றன என்று முதலில் எண்ணிவிட்டுப் போங்கள். யார்டில் கிடைக்கிற பழைய தகடு மேலே துருப் பிடித்திருந்தாலும், புதிதாக வரும் மெல்லிய தகட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பழசு திருகாமல் நேராக உட்காரும், புதுசைப் பல நேரம் தட்டித் தட்டித்தான் உட்கார வைக்க வேண்டும்.

வெளி அலங்காரத்தில் ஒரு சோதனை. கையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய கைப்பிடியிலோ விளக்கு வளையத்திலோ காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை அல்லது துத்தநாக வார்ப்பு. இரும்பையும் பித்தளையையும் தேய்த்து மறுபடி குரோம் பூசலாம். துத்தநாக வார்ப்பில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி எழும்பியிருந்தால் அரிப்பு குரோமுக்கு அடியில் உலோகத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு குழியாகக் குடைந்து நிரப்பிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பொறுமையும் செலவும் பெரிது. இரண்டு கைப்பிடி இருந்தால் அழுக்காக இருந்தாலும் புள்ளியில்லாததை எடுங்கள். பளபளப்பாக இருந்தும் புள்ளி தெரிகிறது என்றால் வேண்டாம். கண்ணாடி எடுக்கும்போது சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் காப்பாற்ற முயலாமல் கத்தியால் அறுத்துவிடுங்கள். ரப்பர் புதிதாகக் கிடைக்கும். அதைக் காப்பாற்ற நெம்பும்போதுதான் கண்ணாடி போகும். பீட்டிலில் 1965 மாடலில் கண்ணாடிகள் எல்லாம் பெரிதாக்கப்பட்டன, மைனரில் 1956-ல் 1000 வந்தபோது இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒற்றையாயிற்று. ஆகவே வண்டியின் வருடம் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

பொருந்துமா என்ற கேள்விக்கு முதல் சாட்சி எண்கள். ஃபோக்ஸ்வேகன் பாகங்களில் பெரும்பாலும் ஒன்பது இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் மூன்று எந்த வகை வண்டி என்பதைச் சொல்லும்: 111, 113 என்று தொடங்கினால் பீட்டில், 211 என்றால் வேன், 311 என்றால் டைப் 3 என்ற இன்னொரு ஃபோக்ஸ்வேகன் கார். நடு மூன்று எந்தப் பகுதி என்பது, கடைசி மூன்று குறிப்பிட்ட பாகம். பின்னால் ஏ, பி என்று எழுத்து வந்தால் அது திருத்தப்பட்ட வடிவம். யார்டில் பீட்டிலே இல்லாவிட்டாலும் வேனிலிருந்து உங்களுக்குப் பாகம் கிடைக்கலாம் என்பது இதிலிருந்து புரியும். மின்சாரச் சாமான்களைச் செய்த லூகாஸ் நிறுவனம் தன் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றில் மாடல் எண்ணோடு தயாரித்த தேதியையும் குத்தியிருக்கும். வண்டியின் வயதுக்குப் பொருந்தாத தேதி இருந்தால் அது எப்போதோ மாற்றப்பட்டது. கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரிஜினல் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அமெரிக்க ஃபோர்டு வண்டி எதிலாவது கண் விழுந்தால், பாகத்தின் எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டு, அடுத்த இலக்கம் வருடம். சி5 என்றால் 1965-ல் வடிவமைத்தது.

மைனரும் மிட்ஜெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் பிஎம்சி ஏ-சீரீஸ் எஞ்சின். 1951-ல் ஆஸ்டின் ஏ30-க்காக 803 சிசியில் தொடங்கி, 948, 1098, 1275 என்று வளர்ந்தது. மினியிலும் இதே குடும்பம்தான், ஆனால் அங்கே எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் சில பாகங்கள் ஒத்துவராது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் எஞ்சின் எண்ணின் முன்னொட்டைப் படியுங்கள். 10எம்ஏ என்றால் 1098 மைனர். 10சிஜி, 10சிசி இரண்டும் 1098 மிட்ஜெட் எஞ்சின்கள்தான், ஆனால் 10சிஜியின் கிராங்க் ஷாஃப்டில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், மெயின் பேரிங் ஒன்றேமுக்கால் அங்குலம், 10சிசியில் இரண்டு அங்குலம். வேகமாகச் சுற்றும்போது பழைய மெல்லிய கிராங்க் நெளியும் என்பதால்தான் தடித்தது வந்தது. மிட்ஜெட்காரருக்கு 10சிசி கிடைத்தால் விடக்கூடாது. பின் ஆக்ஸிலில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலையும் இரண்டு வண்டிக்கும் இடையே மாற்றிப் போடலாம். பிந்தைய மிட்ஜெட்டின் 3.9 விகித டிஃபரன்ஷியலை மைனரில் போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாது. மிட்ஜெட்டின் ஸ்டீயரிங் ராக் மைனர் வம்சம், முன் சஸ்பென்ஷன் மட்டும் ஆஸ்டின் ஏ35 வழி வந்தது. அதனால் முன்பக்கச் சஸ்பென்ஷனில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நினைக்காதீர்கள்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஏ-சீரீஸ் ஹெட்களில் எல்லோரும் தேடுவது 12ஜி940 என்ற வார்ப்பு எண். 1275-ன் பெரிய வால்வு ஹெட். எண் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வாங்கிவிட வேண்டாம். திருப்பிப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து, நடு சிலிண்டர்களில் இரண்டு வால்வு சீட்டுக்கும் இடையே டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். அங்கேதான் முடி மாதிரி விரிசல் விடும். விரிசல் தெரிந்தால் வேண்டாம். தெரியாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, பட்டறையில் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். இன்னொன்று, இந்த ஹெட்டை 1098 பிளாக்கில் அப்படியே வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். பிளாக்கில் அந்த இடத்தைக் குடைய வேண்டும். "போல்ட் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் அவர் போட்டுப் பார்த்தவர் இல்லை.

பீட்டில் எஞ்சினை வாங்கலாமா என்று யார்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு, கருவி எதுவும் வேண்டாம். கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். நான் சொல்வது சுற்றுவதை அல்ல, வண்டியின் நீளவாக்கில் ஆடும் ஆட்டத்தை. ஃபோக்ஸ்வேகன் அனுமதிப்பது 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர், 0.15 எல்லை. அந்த அளவு ஆட்டம் கைக்குப் பெரிதாகத் தெரியாது. "டக் டக்" என்று கேட்கிற அளவுக்கு ஆடினால் மெயின் பேரிங் உட்காரும் இடமே அடிவாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கேஸ் மெக்னீசியக் கலவை. இரும்புபோல் அடி தாங்காது. அப்படிப்பட்ட எஞ்சினில் தகடுகளையும் மேனிஃபோல்டையும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம். அப்புறம் ஃபிளைவீல். 6 வோல்ட் காலத்து ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130 பல். எண்ணிப் பார்க்கச் சோம்பல்பட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் பல்லோடு பல் சேராது. சக்கரமும் அப்படியே, ஐந்து போல்ட் டிரம்முக்கும் நான்கு போல்ட் டிரம்முக்கும் சம்பந்தமில்லை.

சில பாகங்களைப் பிரிக்கவே கூடாது. எஸ்யூ கார்புரேட்டரில் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் அதன் மேல் மூடியும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை. மிட்ஜெட்டில் இரண்டு கார்புரேட்டர் இருக்கும். கழுவுகிற வேகத்தில் மூடியை மாற்றிப் போட்டால் பிஸ்டன் ஒன்று ஒட்டும், இன்னொன்று ஒழுகும். டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலும் பினியனும் ஜோடி. கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி, மெயின் பேரிங் மூடியும் பிளாக்கும் ஜோடி, ஏனென்றால் அவற்றைச் சேர்த்து வைத்துத்தான் துளை கடைந்தார்கள். வால்வுகளைத் திறக்கும் பழைய கேம் ஷாஃப்ட் எடுத்தால் அதைத் தொட்டு ஏறி இறங்கும் டாப்பெட்களையும் எடுத்து, எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வையுங்கள். பழைய டாப்பெட்டை வேறு கேமில் ஓட விட்டால் இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்று பேர் மூன்று பக்கமாகக் கழற்றும்போது இந்த ஜோடிகள்தான் முதலில் பிரியும். ஒரு பாகம் ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் எழுதிய சீட்டு ஒன்று.

மரை விஷயத்தில் கவனம். உங்கள் இரண்டு பிரிட்டிஷ் வண்டிகளிலும் பெரும்பாலும் யூஎன்எஃப், யூஎன்சி என்ற அங்குல மரைகள், பீட்டிலில் மெட்ரிக். யார்டில் அதைவிடப் பழைய பிரிட்டிஷ் வண்டி கிடந்தால் அதில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை இருக்கலாம். கால் அங்குலத்திலும் மற்ற பெரும்பாலான அளவுகளிலும் விட்வொர்த்துக்கும் யூஎன்சிக்கும் அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை ஒன்றே, அதனால் நட் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. ஏறினாலும் முழுப் பிடி இருக்காது. அரை அங்குலத்தில் 12-க்கு 13 என்று எண்ணிக்கையே மாறும். எம்ஜி டிசி காலத்து எஞ்சினில் இன்னும் விசித்திரம்: மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு. ஒரு மரை அளவி கையில் இருந்தால் இந்த வம்பே இல்லை.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. மைனரிலும் 1967-க்கு முந்தைய மிட்ஜெட்டிலும் பாட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும், பீட்டிலில் நெகட்டிவ். ஸ்டார்ட்டர், ஹெட்லைட், ஹாரன் இவற்றுக்கு எப்படி இருந்தாலும் கவலையில்லை. டைனமோவை மறுபக்கத்துக்குப் பழக்கிவிடலாம். ஆல்டர்னேட்டரையும் டிரான்ஸிஸ்டர் ரேடியோவையும் தலைகீழாக இணைத்தால் அந்த நொடியே போய்விடும். வயரிங் கனெக்டர் எடுக்கும்போது பிடுங்காமல் ஒரு சாண் வயரோடு வெட்டி எடுங்கள். நிறத்தை வைத்து அடையாளம் கண்டு சேர்க்கலாம்.

இதுவரை சொன்னவை எனக்குச் சந்தேகமில்லாதவை. இனிச் சொல்பவை கொஞ்சம் சூதாட்டம். தரையில் கிடக்கும் கியர் பாக்ஸ் நல்லதா என்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. மூடியைத் திறந்து பல்லைப் பார்க்கலாம், எண்ணெயில் பித்தளைத் தூள் மின்னுகிறதா பார்க்கலாம், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறதா என்பது ஓட்டினால்தான் தெரியும். கட்டிப் பிடித்துப்போன எஞ்சினை எல்லோரும் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்குவதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, சிலிண்டரில் மேலோட்டமான துருதான் என்றால் எடுப்பேன், தண்ணீர் தேங்கியிருந்த அடையாளம் இருந்தால் விடுவேன். இதில் என் கணிப்பு தவறிய எஞ்சின்களும் உண்டு. பழசா, புதிதாகச் செய்த நகலா என்பதிலும் ஒரே பதில் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் போன்றவற்றில் மலிவான நகல்கள் சீக்கிரம் மின்கசிவு கொடுக்கின்றன, பழைய லூகாஸ் நன்றாக ஓடுகிறது. ரப்பரில் இதற்கு நேர்மாறு. புதிது சுமாராக இருந்தாலும் அறுபது வருட ரப்பரைவிட மேல்தான்.

கழற்றும்போது உயிருக்கு ஆபத்தானவை சில இருக்கின்றன. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அடுக்கி வைத்த வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். மைனரின் முன்னாலும் பீட்டிலின் பின்னாலும் டார்ஷன் பார், அதாவது முறுக்கி வைத்த கம்பி. முறுக்கை இறக்காமல் போல்ட்டைக் கழற்றினால் கை எலும்பு உடையும். காலிப் பெட்ரோல் டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவி. அதன் அருகே அறுப்பானோ கேஸ் வெல்டிங்கோ கூடாது. பிரேக் டிரம்மையும் கிளட்சையும் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள்.

இனி நண்பர்கள். பீட்டில்காரரான உங்களுக்குப் போட்டியில்லை. மைனர்காரரும் மிட்ஜெட்காரரும் ஒரே டிஃபரன்ஷியல் முன்னால் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தவருக்கே சொந்தம் என்ற வழக்கம் சில குழுக்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படியானால் எல்லோரும் கதவைத் திறந்ததும் ஓடுவார்கள், யாரும் யாருக்காகவும் தேடமாட்டார்கள். அந்தப் பாகம் இல்லாமல் எந்த வண்டி நகர முடியாமல் நிற்கிறதோ அதற்கு முதல் உரிமை, அடுத்தது தேய்ந்த பாகத்தை மாற்ற நினைப்பவருக்கு, ஸ்பேராக வைத்துக்கொள்ள விரும்புகிறவர் கடைசி. போவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் பட்டியலை எழுதி மற்ற இருவருக்கும் கொடுத்துவிடுங்கள். மூன்று ஜோடிக் கண் ஒரு பட்டியலுக்காகத் தேடும்போதுதான் சேர்ந்து போவதற்கு அர்த்தம் வருகிறது.

ஒருவர் கழற்றும்போது இன்னொருவருடைய பாகத்தைக் கெடுப்பதும் சண்டைக்குக் காரணமாகும். ரேடியேட்டருக்காக அவசரப்பட்டு முன் கிரில்லை நெம்பி வளைத்திருப்பார், அந்தக் கிரில் வேறொருவர் பட்டியலில் இருந்திருக்கும். எதை முதலில் கழற்றுவது என்று வண்டி முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஸ்பேனரை எடுங்கள். முரண்டு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு வந்தவுடனே துருவை இளக்கும் எண்ணெய் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சாயங்காலம் அதே போல்ட் அடிக்காமல் வரும். உங்களுக்குத் தேவையில்லாத பாகத்தை உடைத்துவிட்டு வராதீர்கள். யார்டுக்காரர் அடுத்த முறை உங்களை உள்ளே விடுவதும் விடாததும் அதில்தான் இருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் ரசீது வாங்குங்கள், திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் பேச்சு வந்தால் அது ஒன்றுதான் துணை.

முழு வண்டியைக் கூட்டாக வாங்கலாமா? பீட்டிலைக் கூட்டாக வாங்குவதில் பிரயோஜனமில்லை, உங்கள் ஒருவருக்குத்தான் உதவும். மைனரோ மிட்ஜெட்டோ ஒன்று வாங்குவதென்றால் அந்த இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், கண்ணாடி, உள் சாமான் எது யாருக்கு என்று பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளட்டும். அதைவிட முக்கியமாக, எல்லாம் கழற்றியபின் நிற்கும் கூடு யார் வீட்டில் நிற்கும், எந்தத் தேதிக்குள் இரும்புக்குப் போகும், அதை இழுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதை முடிவு செய்ய வேண்டும். கதவில்லாத, சக்கரமில்லாத கூட்டை வாங்கிப்போக யாரும் தானாக வரமாட்டார்கள். அதனால் சக்கரங்களைக் கடைசி வரைக்கும் கழற்ற வேண்டாம், கூட்டை லாரியில் தள்ளி ஏற்றிய பிறகு கழற்றிக்கொள்ளலாம்.